கடலாசான் இப்னு மாஜித்

கப்பலோட்டியை நாம் மாலுமி என்கிறோம். ஆசான் எனப் பொருள்படும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லே தமிழில் இவ்வாறு வழங்குகிறது. அப்பெயருக்கு முற்றும் பொருத்தமானவர் அஹ்மத் இப்னு மாஜித் அவர்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமாவைச் சேர்ந்த ஜுல்பாரில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் செங்கடல் மாலுமிகளே. 1462இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் கடற்கலையைப் பாடினார். 1490 அளவில் ‘பவாயித்’ என்னும் பெருநூலை நிறைவு செய்தார்.

வாசகர்களே! அவர் கையாண்ட திசைகாட்டியை எண்ணிப் பாருங்கள். அல்லாஹ் பூமியையே பெருங்காந்தமாகப் படைத்துள்ளான். ஆதலின் தடையின்றிச் சுழலும் காந்த ஊசி ஏறத்தாழ வடக்கு தெற்காகவே நிற்கிறது. முகில் மூடிய இரவிலும் வழி காட்டுகிறது. அரபு மாலுமிகள் திசை வட்டத்தை 32 பங்காக்கி, விண்மீன்கள் உதித்து மறையும் இடங்களைக் கொண்டு பெயர் சூட்டினர்.

ஆயினும் ஊசி திசையை மட்டுமே கூறும். கப்பல் நிற்கும் இடத்தைக் கூறாது. எனவே இப்னு மாஜித் துருவ மீனின் உயரத்தை விரற்கணக்கில் அளந்தார். பருவக்காற்றையும் கரையடையாளங்களையும் கற்றுணர்ந்தார். கருவியோடு கல்வியும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

1498இல் வாஸ்கோடகாமாவை மலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு அழைத்து வந்தவர் இவரே என்ற பழி பிற்காலத்தில் எழுந்தது. போர்த்துகீசியப் பழஞ்சான்றுகளோ அவ்வழிகாட்டியைக் குஜராத்தியர் என்கின்றன. இக்கால ஆய்வாளர் பலரும் அப்பழியை ஏற்பதில்லை. சான்றின்றி ஒருவரைப் பழிப்பதும் திசை தவறிய பயணமே அன்றோ!