கூரையில்லாச் சுவர்களுக்குள் ஒரு வைத்தியர்

சென்ற வருடம் உம்மம்மாவின் இருதய நோய்க்காக வேலூருக்குப் போயிருந்தோம். அங்கே ஸ்கடர் என்ற பெயர் அடிக்கடி காதில் விழுந்தது. அந்த வைத்தியசாலையைத் தொடக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் நம் பண்டத்தரிப்பில் வாழ்ந்து வைத்தியம் பார்த்தவராம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் அந்த ஊருக்கு. அதைப்பற்றிக் கடல் கடந்து போய் அறிந்துகொண்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஊருக்குத் திரும்பியதும் அவரைப்பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ஜோன் ஸ்கடர் 1793ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்தார். 1813இல் நியூயோர்க்கில் வைத்தியப் படிப்பை முடித்து, அந்நகரிலேயே நல்ல பெயரோடு தொழில் செய்தார். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் தற்செயலாக எடுத்து வாசித்த ஒரு சிறுநூல் அவரைச் சமயப் பணிக்குத் திருப்பியது. 1819 ஜூன் மாதம் மனைவி ஹரியட்டோடும் சிறு மகளோடும் பொஸ்டனில் கப்பலேறினார். கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களில் அந்த மகள் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. 1820இல் பண்டத்தரிப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வந்து கண்டது, பழைய தேவாலயம் ஒன்றின் சிதைந்த சுவர்களை. இந்தச் சுவர்களின் கதையைச் சொல்லாமல் ஸ்கடரின் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தவர்கள், ஊருக்கு ஊர் தேவாலயம் கட்டினார்கள். வளைந்த வாசலும் நீண்ட மண்டபமும் அவர்கள் நாட்டு வடிவம். ஆனால், கட்டிய பொருளெல்லாம் இந்த மண்ணுடையது. கடலோரத்து முருகைக்கல், அதையே சுட்டெடுத்த சுண்ணாம்பு, பனைமரத் தீராந்தி. வெயில் உள்ளே வராதபடி சுவரைத் தடிப்பாக எழுப்பினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அந்தக் கட்டடங்களை இடிக்கவில்லை. தங்கள் சமயத்துக்கு மாற்றி, அங்கேயே பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் கவனிப்பார் இல்லாமல் கூரைகள் உக்கி விழுந்தன. முருகைக்கல் மட்டும் விழவில்லை. யன்னல், அலமாரி, கதிரை என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அவையெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். வீட்டுக்குள் வந்தவை வீட்டாராகவே ஆகிவிட்டன.

அமெரிக்கர்களுக்கு அந்த இடிபாடுகளைத் தந்தது ஆங்கில அரசாங்கம். ஸ்கடரும் அவரது தோழர்களும் பனியை வெளியே நிறுத்துவதற்காக வீடு கட்டும் குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள். இங்கே வெளியே நிறுத்த வேண்டியது வெப்பம். ஆகவே, பழைய சுவர்களின்மேல் நம் ஊர்த் தச்சர்களைக் கொண்டு ஓலைக் கூரை போட்டார்கள். மிஷன் வீடுகளுக்கு உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் வந்தன. நம் வீடுகளின் திண்ணை செய்த வேலையை அங்கே விறாந்தை செய்தது. வந்தவர்கள் உட்கார்ந்து காத்திருக்க ஓரிடம் வேண்டும் அல்லவா?

அங்கே ஸ்கடர் வைத்தியசாலை நடத்தினார். மயக்க மருந்து அறுவைச் சிகிச்சைக்கு வந்தது 1846இல்தான். அதற்கு முன்னரே அவர் கண்ணிலும் உடம்பிலும் கத்தி வைத்தவர். நோயாளியின் துணிவை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது. வாந்திபேதி பரவிய காலங்களில் ஊர் ஊராகப் போனார். சில தமிழ் இளைஞர்களுக்கும் தம் வைத்தியத்தைக் கற்பித்தார். 1820இலிருந்து ஆளுநர் பார்ன்ஸ் புதிய அமெரிக்க மிஷனரிகளை இலங்கைக்குள் விடவில்லை. 1833இல்தான் அடுத்த குழு வந்தது. அதுவரை இருந்த சிலரே எல்லாவற்றையும் சுமந்தார்கள்.

அவர் மருந்தோடு சமயத்தையும் கொண்டுவந்தவர் என்பதை நான் மறைக்கவில்லை. மருந்துக்கு வந்தவர் பிரசங்கத்தையும் கேட்டே போக வேண்டியிருந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும், வேறெவரும் தொடத் தயங்கிய புண்ணை அவர் தொட்டார் என்பதும் உண்மை.

1836இல் அவர் சென்னைக்குப் போனார். 1849இல் ஹரியட் அங்கே காலமானார். 1855 ஜனவரியில், உடல்நலம் தேடிப் போயிருந்த தென்னாபிரிக்காவின் வைன்பேர்க்கில் ஸ்கடரும் இறந்தார். அவரது ஏழு மகன்மாரும் தகப்பன் வழியிலேயே போனார்கள். பண்டத்தரிப்பில் பிறந்த ஹென்றி ஆற்காட்டில் மிஷனைத் தொடக்கியவர்களுள் ஒருவர். 1835இல் சாவகச்சேரியில் பிறந்த இளைய ஜோனின் மகள்தான் ஐடா. ஓரிரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் வைத்தியரான அவளுடைய தகப்பனைக் கணவன்மார் அழைக்க மறுத்துவிட்டார்கள். அம்மூவரில் ஒருத்தி முஸ்லிம் பெண். அந்த இரவுதான் ஐடாவை வைத்தியராக்கியது. 1918இல் அவர் வேலூரில் பெண்களுக்கென்று வைத்தியக் கல்லூரி தொடங்கினார்.

இதை வாசித்துக் காட்டியபோது உம்மம்மா அந்த மூன்று பெண்களுக்காகவும் கண் கலங்கினார். பிறகு சோனகத்தெரு வீட்டைப்பற்றிப் பேச ஆரம்பித்தார். 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு விட்டுவந்த வீடு அது. புத்தளத்திலிருந்து பல வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஓடும் மரமும் போய், சுவர்கள் மட்டும் நின்றன. அவையும் சுண்ணாம்பு பூசிய கல்தான். வாப்பா இப்போதுதான் கூரை போடக் காசு சேர்த்திருக்கிறார். தகரம் போட்டால் செலவு குறையும் என்கிறார் அவர். பழையபடி ஓடு போட்டால்தான் வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியும் என்று உம்மம்மா பிடிவாதமாக நிற்கிறார்.