ஆட்கொல்லிப் புலிக்கு எந்தத் துப்பாக்கி? யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?
ஆட்கொல்லிப் புலி முன்னால் துப்பாக்கி ஒரு தடவை மக்கர் பண்ணினால் போதும், உயிர் போய்விடும். 1910-இல் பிறந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனுக்கு இது நல்லாவே தெரியும். இப்போதைய கிருஷ்ணகிரி மாவட்டம் ஜவளகிரியில் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டவர் இவர்.

பெரும்பாலும் அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். கனமான குண்டு. அடியிலுள்ள லீவரைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ரெடி. முதல் குண்டு தவறினாலும், புலி பாய்வதற்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. ரொம்ப தூரத்துக்கு இது சுமார்தான். ஆனால் புதர்க்காட்டில் புலி கண்ணில் படுவதே பக்கத்தில் வந்த பிறகுதானே! அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு இதே ரகத்தைக் கொண்டுபோனார். ராத்திரி வேட்டைக்கு ஆண்டர்சன் அதில் டார்ச்சையும் மாட்டிக்கொள்வார்.

பிற்காலத்தில் கேமராவோடு காடு சுற்றியவர், 1974-இல் காலமானார்.