முதுகில் சுமந்த அன்னை

1831-ஆம் ஆண்டு மராட்டிய நாட்டு நாய்காவ் கிராமத்தில் தோன்றிய சாவித்திரிபாய் புலே அம்மையாரைப் பெண் கல்வியின் முன்னோடியென யாவரும் அறிவர். பிணியுற்றோர்க்கு அவர் ஆற்றிய தொண்டும் அத்துணைப் பெரிது.

கைம்மை நிலையில் கருவுற்று, ஊர்ப்பழிக்கு அஞ்சிய பெண்கள் மறைவாகப் பிள்ளைபெற, அவரும் கணவர் ஜோதிராவும் தம் இல்லத்தில் இடமளித்தனர். அங்கு 1874-இல் பிறந்த மகவொன்றைத் தம் மகனாக வளர்த்தனர். அவரே மருத்துவர் யஷ்வந்த்.

1897-இல் புனே நகரைப் பிளேக் நோய் வாட்டியபோது, அன்னையும் மகனும் ஊருக்கு வெளியே மருத்துவ நிலையம் அமைத்தனர். முண்ட்வாவில், தீண்டத்தகாதாரென ஒதுக்கப்பட்ட மகர் குலச் சிறுவன் நோயுற்றுக் கிடந்தான். அவனை அம்மையார் தம் முதுகில் சுமந்து வந்தார். அந்நோய் தம்மையும் பற்ற, மார்ச்சு 10-இல் மறைந்தார்.

மருந்து இருந்தும், தொட்டுத் தூக்குவார் இல்லையேல் ஏழைக்குப் பயனில்லை. அக்குறையைத் தம் உயிரீந்து போக்கியவர் அவ்வன்னை.