திரையில் ஒலித்த தமிழ்க்குரல்

நுழையும்முன்

பெண்கள் மேடையேறி நடிப்பது இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. பெண் வேடத்தையும் ஆண்களே புனைந்தனர். அக்காலத்தில் நடிப்பைத் தொழிலாக ஏற்று, பேசும்படத்தின் முதல் தமிழ்க் கதாநாயகியாகவும் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநராகவும் உயர்ந்தவர் டி. பி. ராஜலட்சுமி.

இளமையும் மேடையும்

தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1911ஆம் ஆண்டு ராஜலட்சுமி பிறந்தார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, விவரம் அறியாப் பருவத்தில் அவருக்கு மணம் முடிக்கப்பட்டது, அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்தபின் வறுமை சூழ்ந்தது. தாயுடன் திருச்சிராப்பள்ளியில் குடியேறிய சிறுமிக்குத் துணையாக நின்றவை இனிய குரலும் கேட்டதை அப்படியே பாடும் ஆற்றலுமே. தூத்துக்குடி மாவட்டம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவரும் தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படுபவருமான சங்கரதாசு சுவாமிகளின் துணையால் நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். சுற்றத்தாரின் பழிச்சொல்லைவிட வீட்டின் பசியே பெரிதாக இருந்தது. சில ஆண்டுகளிலேயே அவர் பெயருக்காக மக்கள் திரண்டனர்.

பேசும்படம்

மௌனப்படங்களில் தோன்றிய அவருக்கு 1931இல் புதிய வாயில் திறந்தது. 'ஆலம் ஆரா' எனும் இந்தியாவின் முதல் பேசும்படத்தைத் தந்த அர்தேஷிர் இரானி, பம்பாயில் 'காளிதாஸ்' படத்தைத் தயாரித்தார். எச். எம். ரெட்டி இயக்கினார். ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார். மொழிக்கலப்பு இருந்தும், திரையில் தமிழ் ஒலிப்பதைக் கேட்க மக்கள் பெருந்திரளாகக் கூடினர். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான அப்படத்தில், காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாடலும் இடம்பெற்றது. கதைக்குத் தொடர்பில்லாத அப்பாடலை அயலார் ஆட்சியில் மக்கள் ஆர்வத்துடன் வரவேற்றனர். மேடையில் நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடிவந்த ராஜலட்சுமிக்கு இது பொருத்தமான தொடர்ச்சியாகும்.

இயக்குநர்

1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' அவரது புகழை வளர்த்தது. அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை மணந்தார். புகழ்பெற்ற நடிகையாக வாழ்வதோடு அவர் நிறைவு அடையவில்லை. 1936இல் தாம் எழுதிய புதினத்தையே 'மிஸ் கமலா' என்னும் படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு ஆகிய அனைத்துப் பொறுப்புகளையும் தாமே ஏற்றார். பிறர் எழுதியதைப் பேசிய குரல், தன் கருத்தைத் தானே கூறத் தொடங்கியது.

திரைக்கு வெளியேயும் அவரது உறுதி வெளிப்பட்டது. கொல்லப்படவிருந்த பெண்சிசு ஒன்றை மீட்டுத் தம் மகளாக வளர்த்தார்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் முதல் பெண் திரைப்பட இயக்குநர் பாத்மா பேகம் ஆவார். அவர் 1926இல் மௌனப்படம் ஒன்றை இயக்கினார். ராஜலட்சுமி படம் இயக்கிய 1930களில், ஹாலிவுட்டின் பெரும் படநிறுவனங்களில் தொடர்ந்து இயக்கிய பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவரே.

நிலைத்த புகழ்

1964ஆம் ஆண்டு ராஜலட்சுமி மறைந்தார். 'காளிதாஸ்' படத்தின் சுருள் இன்று கிடைக்கவில்லை. திரையில் ஒலித்த அம்முதற்குரலை இனி நாம் கேட்க இயலாது. எனினும், நடிக்கவும் எழுதவும் இயக்கவும் முன்வரும் பெண்கள் அனைவருக்கும் அவர் திறந்த வாயில் இன்றும் திறந்தே உள்ளது.