எவரெஸ்டுக்கு முதல் இறகு மேலங்கி தைத்த ஜார்ஜ் ஃபின்ச்: ஆஸ்திரேலியப் பண்ணை முதல் புனே ஆய்வகம் வரை

பெங்களூரு: சாவனதுர்காவிலும் ராமநகரப் பாறைகளிலும் வார இறுதியில் கயிறு கட்டி ஏறும் பெங்களூரு இளைஞர்களில் பலர், கோடையில் இமயமலைக்குப் புறப்படும்போது ஓர் உடையை மறக்காமல் எடுத்துச் செல்கின்றனர். உள்ளே மென்மையான இறகுத் தூவியோ அதற்கு ஈடான செயற்கை இழையோ அடைத்து, கட்டம் கட்டமாகத் தைக்கப்பட்ட குளிர் மேலங்கி அது. எடை குறைவு, வெப்பம் அதிகம். இந்த உடையை உலகின் மிக உயரமான மலையில் முதன்முதலாக அணிந்தவரும், அதைத் தாமே வடிவமைத்தவரும் ஒரு வேதியியலாளர். அவர் பெயர் ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச். பிற்காலத்தில் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இந்தியாவில் 5 ஆண்டுகள் பணியாற்றினார் என்பதும், அவருடைய குடும்ப வரலாற்றில் சென்னை அடையாறுக்கும் ஓர் இடம் உண்டு என்பதும் பலர் அறியாதவை.

பண்ணையில் தொடங்கிய வேர்கள்

ஃபின்ச் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரை அடுத்த ஆட்டுப் பண்ணைப் பகுதியில் பிறந்தார். இவருடைய பாட்டனார் சார்லஸ் ரே ஃபின்ச், இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர். அங்கு அரசியலிலும் ஈடுபட்டவர். தந்தை சார்லஸ் எட்வர்ட் ஃபின்ச் நில விவகாரங்களைக் கவனிக்கும் அரசுப் பொறுப்பில் இருந்தார். தாயார் லாரா, கலையிலும் ஆன்மிகத் தேடலிலும் நாட்டம் கொண்டவர். கண்டிப்பான தந்தைக்கும் பண்ணை வாழ்வில் மனம் ஒட்டாத தாய்க்கும் இடையே வளர்ந்த ஜார்ஜ், சிறு வயதிலேயே ஊருக்கு அருகில் இருந்த குன்றின்மேல் ஏறி, கீழே விரிந்த நிலத்தைக் கண்டு மலைகளின்பால் ஈர்க்கப்பட்டார்.

1902-ஆம் ஆண்டு குடும்பம் ஐரோப்பா சென்றது. சிறிது காலத்தில் தந்தை மட்டும் ஆஸ்திரேலியா திரும்பிவிட, தாயார் பிள்ளைகளுடன் பாரிஸில் தங்கினார். ஜார்ஜ் முதலில் மருத்துவம் பயின்று, அது பிடிக்காமல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குச் சென்று வேதியியல் கற்றார். அங்குதான் அவரும் தம்பி மேக்ஸும் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் வழிகாட்டிகளின் துணையின்றி ஏறப் பழகினர். அக்காலத்து ஆங்கிலேய மலையேறிகளில் பெரும்பாலோர் கூலி கொடுத்து வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்வது வழக்கம். தம் கையையும் கருவியையும் மட்டுமே நம்பிய ஃபின்ச்சுக்கு, கருவிகளின் குறைகளும் அவற்றைச் சீர்செய்ய வேண்டிய தேவையும் இளமையிலேயே புலப்பட்டன.

வேதியியலாளரின் பார்வை

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த ஃபின்ச், முதல் உலகப் போரில் படைப்பணி ஆற்றினார். போருக்குப் பின் எவரெஸ்ட் பயணத்துக்கான குழு லண்டனில் உருவானபோது அவர் பெயரும் பரிசீலிக்கப்பட்டது. ஆனால் 1921-ஆம் ஆண்டு ஆய்வுப் பயணத்தில் இருந்து, மருத்துவப் பரிசோதனை முடிவைக் காட்டி அவர் நீக்கப்பட்டார். இதற்கிடையே ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஜார்ஜ் டிரேயரின் குறைஅழுத்த அறையில் அவர் சோதிக்கப்பட்டார். உயர்ந்த மலைகளில் நிலவும் மெலிந்த காற்றைச் செயற்கையாக உருவாக்கும் அந்த அறையில், அவருடைய உடல் சிறப்பாகத் தாக்குப்பிடித்தது.

8,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆக்சிஜன் குறையும்போது உடல் போதிய வெப்பத்தை உண்டாக்க இயலாமல் போகிறது. குளிர் எளிதில் ஊடுருவுகிறது. மூச்சும் குளிரும் ஒன்றோடொன்று பிணைந்த சிக்கல்கள் என்பதை உணர்ந்த ஃபின்ச், 1922-ஆம் ஆண்டு பயணத்துக்காக இரண்டையும் ஒருசேர எதிர்கொண்டார்.

மூச்சுக்கு, முதுகில் சுமக்கும் 4 எஃகு உருளைகளைக் கொண்ட ஆக்சிஜன் கருவி. மொத்த எடை சுமார் 14.5 கிலோ. கருவியுடன் வந்த முகமூடி மூச்சுத் திணறலை உண்டாக்கியதால், எளிய ரப்பர்க் குழாய்களைக் கொண்டு ஃபின்ச் மாற்று ஏற்பாடு ஒன்றை அமைத்தார். குளிருக்கு, பலூன் செய்யப் பயன்படும் காற்றுப் புகாத துணியில், ஈடர் வாத்தின் மென்தூவியை அடைத்துத் தைத்த நீண்ட மேலங்கி. தூவிக்குள் சிக்கிக்கொள்ளும் அசையாத காற்றே உடலின் வெப்பத்தைக் காக்கிறது. வெளித்துணி காற்றைத் தடுக்கிறது. பின்னாளைய தூவி மேலங்கிகளும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

கம்பளிக் கோட்டும் பின்னலாடையும் அணிந்து வந்த குழுவினருக்கு அந்தப் பச்சை நிற உடை நகைப்புக்குரியதாகத் தோன்றியது. ஆக்சிஜனைப் பயன்படுத்துவதும் மலையேற்ற நெறிக்குப் புறம்பானது என்று சிலர் கருதினர். ஆனால் திபெத்தின் குளிர்காற்று வீசத் தொடங்கியதும், கேலி செய்தவர்களே அந்த மேலங்கியைப் பொறாமையுடன் நோக்கினர்.

8,320 மீட்டர்

1922 மே 21 அன்று மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் ஆகியோர் ஆக்சிஜன் இன்றி 8,225 மீட்டர் உயரத்தை எட்டினர். இவர்களுள் மருத்துவரான சோமர்வெல், பின்னர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் தொண்டாற்றியவர் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தக்கது.

அடுத்த முயற்சி ஃபின்ச்சுடையது. தேர்ந்த மலையேறிகள் நோயுற்றும் களைத்தும் இருந்ததால், அதுவரை எந்தச் சிகரத்திலும் முறையாக ஏறிப் பழகாத படை அதிகாரி ஜெஃப்ரி புரூஸும், கூர்க்கா வீரர் தேஜ்பீர் பூராவும் அவருடன் சென்றனர். சுமார் 7,770 மீட்டர் உயரத்தில் கூடாரம் அமைத்த மூவரையும் புயல் இரண்டு இரவுகள் சிறைப்படுத்தியது. கூடாரம் பறந்துவிடாமல் இருக்க மாறி மாறி அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மாலையில், கீழ்முகாமில் இருந்து சுமைதூக்கும் ஷெர்பாக்கள் வெந்நீர்க் குடுவைகளில் சூடான தேநீருடன் வந்து சேர்ந்தனர். அன்றிரவு உடல் விறைக்கத் தொடங்கியபோது, ஃபின்ச் ஆக்சிஜன் உருளையைத் திறந்து மூவரும் மாறி மாறிச் சுவாசிக்கச் செய்தார். உடலில் வெப்பம் திரும்பியது, உறக்கமும் வந்தது.

மே 27 காலையில் மூவரும் புறப்பட்டனர். கூடுதல் உருளைகளைச் சுமந்த தேஜ்பீர் களைத்து விழவே, அவர் கூடாரத்துக்குத் திரும்ப நேர்ந்தது. ஃபின்ச்சும் புரூஸும் 8,320 மீட்டர் உயரத்தை அடைந்தபோது, புரூஸின் கருவியில் இருந்த கண்ணாடிக் குழாய் உடைந்தது. தம்முடைய ஆக்சிஜனை அவருடன் பகிர்ந்துகொண்டு, கருவியை அங்கேயே பழுது பார்த்தார் ஃபின்ச். சிகரத்துக்கு இன்னும் சுமார் 530 மீட்டர் இருந்தது. மேலே சென்றால் இருவரும் உயிருடன் திரும்ப இயலாது என்று கணித்த அவர், திரும்பிவிட முடிவெடுத்தார். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரத்துக்கு ஏறியதில்லை.

அதே ஆண்டு ஜூன் 7 அன்று நடந்த மூன்றாவது முயற்சியில் பனிச்சரிவு 7 சுமைதூக்கும் தொழிலாளர்களைப் பலிகொண்டது. உடல்நலம் குன்றிய ஃபின்ச் அதற்கு முன்பே ஊர் திரும்பியிருந்தார்.

புறக்கணிப்பு

இத்தனைக்குப் பிறகும் 1924-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் ஃபின்ச்சுக்கு இடம் அளிக்கப்படவில்லை. தம் படங்களைக் கொண்டு சொற்பொழிவுகள் நிகழ்த்தும் உரிமை குறித்து அமைப்பாளர்களுடன் ஏற்பட்ட பூசல் உடனடிக் காரணம். ஆஸ்திரேலியப் பிறப்பு, ஐரோப்பியக் கல்வி, மணமுறிவு, எதையும் நேருக்கு நேர் பேசும் இயல்பு ஆகியவை லண்டன் உயர்குடி வட்டத்தில் அவரை ஏற்கெனவே அந்நியராக்கியிருந்தன. அந்த ஆண்டு ஜூன் 8 அன்று மல்லோரியும் இர்வினும் ஆக்சிஜன் கருவிகளுடன் சிகரத்தை நோக்கிச் சென்று திரும்பாமல் போயினர். ஆக்சிஜனை முன்பு ஏற்க மறுத்த மல்லோரி, இறுதிப் பயணத்தில் அதையே நாடினார். ஃபின்ச் மீண்டும் எவரெஸ்டில் கால் வைக்கவில்லை.

அடையாறு வந்த சிறுவன்

ஃபின்ச்சின் இல்வாழ்வும் எளிதாக அமையவில்லை. 1915-இல் அவர் மணந்த அலிசியாவுக்கு மறு ஆண்டு பீட்டர் பிறந்தார். குழந்தையின் உண்மையான தந்தை இந்தியப் படை அதிகாரி ஒருவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. மணமுறிவுக்குப் பிறகு, குழந்தையைத் தாயிடம் விடாமல் ஃபின்ச் தம் பொறுப்பில் பெற்றார். ஆனால் தாமே வளர்க்கவில்லை. பிரான்சில் இருந்த தம் தாயார் லாராவிடம் ஒப்படைத்தார். பிரம்மஞான இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்த லாரா, 1925-இல் சிறுவனை அழைத்துக்கொண்டு சென்னை அடையாறில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். சில மாதங்கள் இங்கு கழித்த பீட்டர், பௌத்த மடம் ஒன்றிலும் சிறிது காலம் தங்கினார். மறு ஆண்டு அவர் சிட்னியில் உள்ள உறவினரிடம் அனுப்பப்பட்டார். குடும்பத்தின் வேர் இருந்த அதே ஆஸ்திரேலிய மண்ணில், பெற்றோர் இருவரின் அணைப்பும் இன்றி அவர் வளர்ந்தார்.

அந்தச் சிறுவனே பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான பீட்டர் ஃபின்ச். நெட்வொர்க் படத்துக்காக, மறைவுக்குப் பின் 1977-இல் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. மறைந்த நடிகர் ஒருவருக்கு நடிப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது அதுவே முதல் முறை. மலையில் தம் மூச்சுக்காற்றையே தோழருடன் பகிர்ந்த ஃபின்ச், தம் பெயரைச் சுமந்த சிறுவனுக்குத் தொலைவில் இருந்த தந்தையாகவே இருந்தார். மூன்றாவது மனைவி ஆக்னஸுடனான இல்வாழ்வு நிலைத்தது. அவர்களுக்கு 3 மகள்கள் பிறந்தனர்.

புனே ஆண்டுகள்

அறிவியலில் ஃபின்ச்சின் உயர்வு தடைப்படவில்லை. எலக்ட்ரான் விளிம்பு விளைவு மூலம் பொருள்களின் மேற்பரப்பை ஆராய்ந்த பணிக்காக 1938-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1944-இல் ஹியூஸ் பதக்கம் பெற்றார். 1952-இல் இம்பீரியல் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்றதும், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1950-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகம் அப்போது வளரும் பருவத்தில் இருந்தது. 1957-இல் அவர் விடைபெற்றபோது, சென்னையில் பிறந்த சாய வேதியியல் அறிஞர் கே. வெங்கடராமன் அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

ஃபின்ச் புனேயில் பணியாற்றிய காலத்தில்தான், 1953 மே 29 அன்று, டென்சிங் நார்கேவும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். இருவரும் முதுகில் ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்திருந்தனர். 31 ஆண்டுகளுக்கு முன் ஃபின்ச் வலியுறுத்திய வழி அதுவே.

1959 முதல் 1961 வரை, ஒருகாலத்தில் தம்மை ஒதுக்கிய வட்டத்தின் மையமான பிரிட்டனின் ஆல்பைன் மன்றத்துக்கு அவர் தலைவராக இருந்தார். 1970 நவம்பர் 22 அன்று தமது 82-ஆவது வயதில் காலமானார்.

தூவி மேலங்கிக்கான காப்புரிமையை அமெரிக்க வணிகர் எட்டி பாயர் 1940-இல் பெற்றதால், அந்த உடையின் வரலாறு பெரும்பாலும் அவர் பெயரிலிருந்தே சொல்லப்படுகிறது. ஃபின்ச் தம் மேலங்கியை விற்பனைப் பொருளாக்க முயலவில்லை.

அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட அதே 1957-இல், பெங்களூருவில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் தோன்றியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபின்ச் அமர்ந்ததைப் போன்ற குறைஅழுத்த அறைகளில் விமானிகள் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் உயிரிப் பொறியியல் ஆய்வகமும் இதே நகரில், உயரங்களில் பணிபுரிவோருக்கான ஆக்சிஜன் அமைப்புகளை உருவாக்கி வருகிறது. மெலிந்த காற்றில் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று ஃபின்ச் தம் உடலையே வைத்துக் கேட்ட கேள்விக்கு, இந்த ஆய்வகங்கள் இன்றும் விடை தேடுகின்றன.