காயிதே ஆஜத்தின் கடைசி மாதங்கள்

கராச்சி வியாபாரி ஒருவரின் மூத்த மகன் முகம்மதலி ஜின்னா. தொழில் பழக லண்டனுக்கு அனுப்பப்பட்டவர், பேரேட்டை விட்டுச் சட்டப் புத்தகத்தைக் கையிலெடுத்தார். இத்தகைய பிள்ளைகளை நம் குடும்பங்களிலும் கண்டிருக்கிறோம்!

1947 ஆகஸ்டில் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரலானபோது அவருக்கு வயது 70. அரசியல் நிர்ணய சபைத் தலைமையும் அவரிடமே இருந்தது. கடையின் சாவிக்கொத்து முழுவதும் ஒரே மடியில் இருந்தது போலத்தான்.

1948 ஜூலை 1-ந் தேதி, நோயுற்ற உடலோடு குவெட்டாவிலிருந்து கராச்சி வந்து ஸ்டேட் பாங்கைத் திறந்து வைத்தார். சொந்த நாணயத்தைச் சொந்த பாங்கு நிர்வகிக்க வேண்டுமென்பதை உடல் நலத்திலும் பெரிதாக எண்ணினார் போலும். பின்னர் ஜியாரத் மலைவாசம். அங்கே டாக்டர் இலாஹி பக்ஷ் சோதித்து, நுரையீரலில் க்ஷயரோகம் என்று கண்டார். தங்கை பாத்திமா ஜின்னா இரவு பகலாய் உடனிருந்தார். ஜனங்களுக்கு உண்மை தெரிவிக்கப்படவில்லை. பிறர் அறிந்தால் புது நாட்டுக்குக் கேடு வருமென அஞ்சியிருக்கலாம். ஆயினும், அடுத்தவரைத் தயார் செய்ய அம்மறைப்பு இடம் தரவில்லை என்பதே நம் எண்ணம்.

செப்டம்பர் 11-இல் விமானத்தில் கராச்சி வந்திறங்கினார். அழைத்துச் சென்ற ஆம்புலன்ஸ் நடுவழியில் நின்றுவிட்டது. வேறு வண்டி வரும்வரை, அந்தப் புழுக்கத்தில் நாட்டின் தலைவர் சாலையோரம் காத்துக் கிடந்தார். அன்றிரவே வபாத்தானார்.

இரண்டே நாளில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. க்வாஜா நாஜிமுத்தீன் கவர்னர் ஜெனரலானார். அதிகாரமோ பிரதமர் லியாகத் அலிகானிடம் சென்றது. 1951 அக்டோபரில் அவரும் ராவல்பிண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜின்னா தலைமை வகித்த சபை 1954-இல் கலைக்கப்பட்டது. முதல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது 1956-இல்தான்.