செவிசாய்த்த மருத்துவர்

சுவிட்சர்லாந்து நாட்டில், சூரிச் நகருக்கு அருகேயுள்ள சோலிக்கான் என்னும் சிற்றூரில் 1857ஆம் ஆண்டு உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர் ஆய்கன் ப்ளாய்லர். தமக்கை மனநோயால் வாடியதை இளமையிலேயே கண்டவர், மனநல மருத்துவரானார்.

1886 முதல் 12 ஆண்டுகள் ரைனோ மருத்துவமனையின் தலைவராக இருந்தார். ரைன் ஆற்றுத் தீவிலுள்ள அக்கட்டடம் முன்பு ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடமாக இருந்தது. அங்கே நோயாளிகளுடனேயே வாழ்ந்தார். பிறர் பொருளற்றதென ஒதுக்கிய அவர்களது பேச்சுக்குப் பொறுமையுடன் செவிசாய்த்தார். 1908இல் அந்நோய்க்கு ‘ஸ்கிசோஃப்ரினியா’ எனப் பெயரிட்டார். நாம் மனச்சிதைவு என்கிறோம். கவனம் தடுமாறுவதும் அந்நோயின் கூறே என்று விளக்கினார். 1939இல் மறைந்தார்.

அவர் கண்டதை மூளையின் மின் அலைகளும் பின்னர் உணர்த்தின. ஒரே மாதிரியான ஒலிகளுக்கிடையே நாம் எதிர்பார்த்திருக்கும் வேறோர் ஒலி கேட்டால், ஏறக்குறைய 0.3 வினாடியில் நம் மூளையில் ஓர் அலை எழும். மனச்சிதைவுற்றோர் பலரிடம் அது சிறுத்திருப்பதை 1970களிலிருந்து ஆய்வுகள் காட்டியுள்ளன. செவி கேட்கிறது, கவனம்தான் தடுமாறுகிறது.

தோழியரே, கூப்பிட்டும் திரும்பாத ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லுமுன் சற்றே பொறுப்போம். மீண்டும் ஒருமுறை அன்போடு அழைப்போம்.